முப்பதைக் கூட்டி முப்பதைக் கழித்தால்

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரமிருக்கும். உடுபுடவைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கொப்பியும் கையுமாக என்னிடம் வந்தார். புறக்கோட்டையில் 1000 ரூபாவுக்கு எடுத்த சட்டையை 30 வீதம் வைத்து 1300 ரூபாவுக்கு விற்றிருக்கிறார். பெருநாள் கழிந்த பின்னும் 200 சட்டைகள் தேங்கிவிட்டன. ‘30 வீதம் விலைக்கழிவு’ என்று எழுதித் தொங்கவிட்டார். இரண்டு நாளில் எல்லாம் போய்விட்டது. ஆனால் மொத்த வியாபாரிக்குத் திகதி தள்ளிக் கொடுத்திருந்த காசோலைக்கு வங்கியில் பணம் போதவில்லை.

“வெச்ச 30 வீதத்தைத்தானே நானா குறைச்சேன். இலாபம் வராட்டியும் முதல் வரணுமே?” என்றார்.

வராது. 1300இன் 30 வீதம் 390 ரூபா. சட்டை போனது 910 ரூபாவுக்கு. ஒன்றுக்கு 90 ரூபா நட்டம் என்றால் 200 சட்டைக்கு 18,000 ரூபா. அவர் கூட்டியது 1000 ரூபாவின் மேல். கழித்ததோ 1300 ரூபாவிலிருந்து. வீதம் ஒன்றாக இருந்தாலும் அது எதனுடைய வீதம் என்பது மாறிவிட்டது. கடை தொடங்கிய காலத்தில் நானும் இதே பிழையை விட்டவன்தான். எனவே அவரை ஏசவில்லை.

முதலுக்கே விற்பதானால் எவ்வளவு குறைக்கலாம்? வைத்த இலாபத்தை விற்கும் விலையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 300ஐ 1300ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 வீதம். 25 வீதம் வைத்தவருக்கு எல்லை 20 வீதம். 50 வைத்தவருக்கு 33. கொள்விலையை இரட்டிப்பாக்கி 100 வீதம் வைத்தவர்கூட பாதிக்கு மேல் குறைக்க முடியாது. கடை வாடகையும் பையன்களின் சம்பளமும் இதில் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. (முதலில் விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பிறகு கழிவு என்று காட்டுவோரைப் பற்றி நான் பேசவில்லை. அது கணக்குப் பிழையல்ல, வேறு விடயம்.)

கூட்டு வியாபாரத்தில் மனஸ்தாபம் வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “20 வீத இலாபம்” என்று இருவரும் சம்மதிப்பார்கள். கடையில் நிற்பவர் கொள்விலையில் 20 வீதம் வைத்து விற்பார். முதல் போட்டவர் விற்பனையில் 20 வீதத்தை எதிர்பார்த்திருப்பார். மாதம் பத்து இலட்சம் ரூபாவுக்கு விற்றால் இவர் இரண்டு இலட்சம் கேட்பார். கணக்கில் இருப்பதோ சுமார் 166,667 ரூபா. ஒருவர் களவெடுத்ததாக மற்றவர் நினைப்பார். உண்மையில் களவு எதுவுமில்லை. விற்பனையில் 20 வீதம் வேண்டுமென்றால் கொள்விலையில் 25 வீதம் வைத்தாக வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே ‘கொள்விலையில்’ அல்லது ‘விற்பனையில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும்.

மொத்தக் கடைகளில் “பத்தும் ஐந்தும்” கழிவு தருவார்கள். அது 15 அல்ல. 100இல் 10 போனால் 90. அந்த 90இல் 5 வீதம் 4.50. ஆக 14.50தான்.

கடைசியாக வற் வரி. 2024 ஜனவரியில் அது 15இலிருந்து 18 வீதமானது. வரிக்கு முன் 1000 ரூபாவான பொருள் 1150இலிருந்து 1180ஆனது. வாடிக்கையாளருக்கு விலை 2.6 வீதம்தான் கூடியது. ஆனால் வரித் தொகையோ 150இலிருந்து 180ஆக, 20 வீதம் கூடியது. இப்போது வரியோடு சேர்த்து 1180 ரூபா வாங்கிய ஒருவர் அதன் 18 வீதம் என்று 212.40 ரூபாவை வரிக்கு ஒதுக்கினால், தன் பணத்தில் 32.40 ரூபாவை வீணாக ஒதுக்குகிறார். 1180ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கட்டும். 180 வரும்.