கைமாறிய கடையும் மாறாத பெயர்ப்பலகையும்



பல ஆண்டுகளாகப் பெயர் பெற்ற ஒரு மளிகைக் கடையை உரிமையாளர் சத்தமில்லாமல் விற்றுவிடுகிறார். பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தவர் எடையில் கை வைக்கிறார். பழைய நம்பிக்கையில் வாங்குகிறவர் அதை எப்போது கண்டுபிடிப்பார்? கம்ப்யூட்டரில் இப்படி ஒன்று நடந்தே இருக்கிறது.

குரோம் பிரௌசரில் 'எக்ஸ்டென்ஷன்' என்று சின்னச் சின்ன இணைப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' அப்படிப்பட்ட ஒன்று. திறந்து வைத்து மறந்துவிட்ட பக்கங்களைத் தூங்க வைத்து, கம்ப்யூட்டர் மந்தமாகாமல் பார்த்துக்கொள்ளும். இலவசம்தான், சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020-இல் அதை உருவாக்கியவர், இன்னாரென்று வெளியே தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். அதே ஆண்டு வந்த புதுப் பதிப்பில், வெளியிடத்திலிருந்து கட்டளைகளை இழுத்து இயக்கும் வழி நுழைந்திருந்தது. பதிப்பு தானாகவே ஏறியதால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில்தான் கூகுள் நிறுவனம் அதைத் தீங்கான நிரல் என்று அறிவித்து முடக்கியது.

நம் கடைக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஜி.எஸ்.டி. கணக்கும், வங்கிக் கணக்கும், பையன் பாட்டுக் கேட்பதும் ஒரே பிரௌசரில்தானே? பல எக்ஸ்டென்ஷன்கள் சேரும்போதே, 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் விவரத்தையும் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கின்றன. நாமும் படிக்காமலே சரி என்கிறோம். கல்லாச் சாவியையும் பேரேட்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அது!

வங்கித் தளத்தின் பாதுகாப்பு இதற்கு உதவாது. அது வழியில் போகும் லாரிக்குப் போட்ட தார்ப்பாய். சரக்கைக் கடைக்குள் இறக்கியபின் கல்லாவருகே நிற்கிறவனை அது என்ன செய்யும்?

ஆகவே இன்றே குரோமின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்கள். யார் சேர்த்தது என்று தெரியாததை நீக்கிவிடுங்கள். பணம், வரி சம்பந்தமான வேலைக்கென்று எட்ஜ், ஃபயர்பாக்ஸ் போன்ற வேறொரு பிரௌசரை ஒதுக்கி, அதில் எந்த எக்ஸ்டென்ஷனையும் சேர்க்காதீர்கள். வங்கி பாஸ்வேர்டையும் பிரௌசரில் சேமிக்க வேண்டாம். தானாக ஏறும் பதிப்பைக் குறை சொன்னோமே என்று பிரௌசரின் புதுப்பிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைபடுவது அதனால்தான்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் ஆடிட்டர் வரட்டும் என்று காத்திராமல், உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.