கொழுந்தும் கூடையும்
விமானக் கட்டணம் ஆளுக்கா, எடைக்கா?

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறுவோர் முதலில் அடையும் சிற்றூர் ரிங்லெட். அதனை அடுத்த சரிவுகளில் 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பரந்து கிடக்கிறது. காட்டைத் திருத்திச் செடியை வளர்த்ததில் தமிழ்த் தொழிலாளர் பங்கு பெரிது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்க்குத் தராசைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழிப்பர். மழைநாளாயின் இலையில் ஒட்டிய நீருக்கும் கழிப்பர். எஞ்சிய எடையே பேரேட்டில் ஏறும். கழிவு மிகுந்தால் பூசல் எழும். இன்று அச்சரிவுகளில் கிள்ளும் விரலுக்குப் பதிலாகக் கத்தரியும் பொறியும் வந்துவிட்டன. வேலை செய்வோருள் அயல்நாட்டவர் பலர். தராசு மட்டும் போகவில்லை.

அத்தகைய தராசு ஒன்றை விமான நிலையத்தில் வைத்து, பெட்டியோடு பயணியையும் நிறுத்து, எடைக்கேற்பக் கட்டணம் வாங்கலாமா? மலையிறங்கிக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் பறக்கும் குடும்பங்களையும் தொடும் வினா இது.

இது வெறும் கற்பனையன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவுகளில் ‘சமோவா ஏர்’ என்னும் சிறு நிறுவனம் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பயணி தம் எடையையும் மூட்டையின் எடையையும் சேர்த்துச் சொல்லிச் சீட்டு வாங்குவார். நிலையத்தில் தராசு அதனைச் சரிபார்க்கும். கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்பது கட்டணம். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் பறப்பதை நிறுத்திவிட்டது. அது எழுப்பிய வினா நின்றுவிடவில்லை. 2013இல் நார்வே நாட்டுக் கல்லூரி ஒன்றின் பொருளியலாளர் பாரத் பட்டா, எடைவழிக் கட்டணத்துக்கு மூன்று வழிகளைக் கூறினார். கிலோவுக்கு இவ்வளவு என்பது ஒன்று. பொதுக் கட்டணம் ஒன்றை வைத்து, எடை கூடியவர்க்குக் கூட்டியும் குறைந்தவர்க்குக் குறைத்தும் வாங்குவது மற்றொன்று. மெலிந்தவர், இடைத்தரத்தார், பருத்தவர் என மூவகைக் கட்டணம் வைப்பது மூன்றாவது.

இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குதல் முறையாகாது. எடை கூடினால் எரிபொருள் கூடும் என்பது மறுக்கவொண்ணா உண்மை. ஆனால் எவ்வளவு கூடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானம், பயணிகளும் எரிபொருளும் ஏறுமுன்னரே ஏறத்தாழ 42 டன் எடையுடையது. முழுச் சுமையோடு எழும்பும்போது ஏறத்தாழ 78 டன் வரை இருக்கலாம். இதனை இருக்கைக்குப் பங்கிட்டால் தலைக்கு 433 கிலோ வரும். 55 கிலோ எடையுள்ளவர்க்கும் 85 கிலோ எடையுள்ளவர்க்கும் உள்ள வேறுபாடு 30 கிலோ; அஃது அத்தலைப்பங்கில் நூற்றுக்கு ஏழேயாகும். விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள் பொதுவாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. விமானியின் சம்பளமும், நிலைய வாடகையும், பழுதுபார்க்கும் செலவும் பயணியின் உடலைப் பார்த்துக் கூடுவனவல்ல. ஆகவே நூறு வெள்ளிச் சீட்டில் இருவர்க்கும் நியாயமாக வரக்கூடிய வேறுபாடு ஏறத்தாழ இரண்டு வெள்ளியே. இந்த இரண்டு வெள்ளிக்காக ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றலாமா என்பதே கேள்வி.

சிறு விமானத்தின் நிலை வேறு. சமோவா ஏர் பயன்படுத்திய ஐலண்டர் வகை விமானம் ஒன்பது பயணிகளை ஏற்றுவது. முழுச் சுமையோடும் அதன் எடை மூன்று டன்னைத் தாண்டலாகாது. அங்கே நால்வர் மிகப் பருத்தவராயின் ஓர் இருக்கையை வெறுமையாக விட நேரும். விட்ட இருக்கை இழந்த வருவாய். பெரிய விமானத்தில் சிறு செலவாக இருப்பது அங்கே பெரும் இழப்பாகிறது.

இவ்விடத்தே இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். எடையறிதல் வேறு, எடைக்கு விலை வைத்தல் வேறு. முன்னது உயிர்காப்புக்கு இன்றியமையாதது. 2003 ஜனவரி 8ஆம் நாள் அமெரிக்காவின் சார்லட் நகரில் சிறு விமானம் ஒன்று எழும்பியவுடன் வீழ்ந்து, அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பி பிழைபட அமைக்கப்பட்டிருந்தது ஒரு காரணம். பயணிகளின் எடையைப் பழைய சராசரிப்படி குறைவாக மதித்தமையால் சுமை மிகுந்தும் பின்பக்கம் கனத்தும் இருந்தது மற்றொன்று. அதன்பின் அந்நாட்டில் சராசரி எடை உயர்த்தப்பட்டது. நியூசிலாந்து, கொரிய விமான நிறுவனங்கள் 2023இலும், பின்லாந்து நிறுவனம் 2024இலும் பயணிகளை நிறுத்துச் சராசரி கண்டன. அதனால் எவர் சீட்டின் விலையும் மாறவில்லை. சரவாக்கின் உட்பகுதியிலுள்ள பாரியோ போன்ற ஊர்களுக்குச் சிறு விமானத்தில் செல்வோரையும் மூட்டையோடு நிறுப்பதுண்டு. அதுவும் விமானத்தின் சமநிலைக்காகவே.

இனி நியாயத்தை நோக்குவோம். “மூட்டை மிகுந்தால் பணம் வாங்குகிறீர்கள், உடல் மிகுந்தால் ஏன் வாங்கக்கூடாது?” என்பர். மூட்டையில் எதை வைப்பது, எதை விடுவது என்பது பயணியின் விருப்பம். இரண்டு புடவையைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு முழங்காலைக் குறைத்துக்கொள்ள இயலுமோ? உயரம் பிறப்பால் வருவது. நோயாலும் மருந்தாலும் பருப்போர் உளர். கருவுற்ற பெண் ஒவ்வொரு திங்களும் கூடுதலாகக் கட்டவேண்டிவரும். கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2008இல், உடற்பருமனால் இயலாமையுற்று இரண்டு இருக்கை வேண்டுவோரிடம், உள்நாட்டுப் பயணத்தில் இரண்டாம் இருக்கைக்குக் கட்டணம் வாங்கலாகாது என முடிவு செய்தது. ஓர் ஆளுக்கு ஒரு கட்டணம் என்பது அதன் கொள்கை.

ஆளை நிறுப்பது நமக்குப் புதிதன்று. துலாபாரத்தில் பிள்ளையை ஒரு தட்டிலும் வெல்லத்தையோ பழத்தையோ மறுதட்டிலும் வைப்பதுண்டு. ஆனால் அது விரும்பிச் செலுத்தும் காணிக்கை. பிறர் குறிக்கும் விலையன்று. ‘நிறை’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு எடை என்பது ஒரு பொருள்; நிறைவு என்பது ஒரு பொருள்; மனவுறுதி என்பதும் ஒரு பொருள். தராசு காட்டுவது இவற்றுள் முதலாவதை மட்டுமே.

கொழுந்து நிறுக்கும் இடத்தின் நெறி எளியது: கையால் சேர்த்ததற்கே கணக்கு, சுமந்து வந்த கூடைக்கு இல்லை. பயணியின் பெட்டி கொழுந்தைப் போன்றது. அதனை நிறுத்துப் பணம் கேட்பதில் குறையில்லை. அவர் உடலோ அதனைச் சுமந்து வந்த கூடை. விமானம் நேராகப் பறக்கக் கூடையையும் நிறுக்க நேரலாம், நிறுக்கட்டும். ஆனால் விலை எழுதும் வேளையில் அதனைக் கழித்துவிடுவதே முறை.