பக்கெட்டுல வந்த கண்ணில்லாத கெளுத்தி

கெளுத்தின்னாலே எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது வலிதான். சின்ன வயசுல பாகூர் ஏரியில ஒண்ணைப் பிடிச்சு, அது துடுப்பு முள்ளால குத்தி, ராத்திரி முழுக்கத் தூங்கல. இன்னைக்குச் சொல்லப்போறதும் கெளுத்தி இனம்தான். ஆனா தூண்டில்ல சிக்காது. நீளம் சுமார் மூணு சென்டிமீட்டர்.

பேரு ஹோராக்லானிஸ் பாப்புலி. 2023-ல கேரளாவுல இருந்து அறிவியலுக்கு அறிமுகமானது. கண் கிடையாது. தோல்ல நிறமியும் இல்லாததால ரத்தம் வெளியே தெரிஞ்சு, உடம்பே சிவப்பா இருக்கும். வீடு எங்கேன்னா, பூமிக்கு அடியில. கேரளாவுல வீடு கட்டுற வெட்டுக்கல் தெரியும்ல? அந்தச் செம்பாறை முழுக்கப் பொந்தும் இடுக்கும்தான். அதுல தேங்குற நிலத்தடி நீர்ல, வெளிச்சமே படாம வாழுது.

நாம அங்க இறங்கித் தேட முடியாது. யாராவது கிணறு தோண்டினாதான் அந்த உலகத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும். எப்பவாவது கிணத்துக்கு வழிதவறி வந்த மீன், மோட்டார்ல இழுபட்டு தொட்டிக்கோ பக்கெட்டுக்கோ வரும். மத்தவங்களா இருந்தா புழுன்னு ஊத்திடுவாங்க. கேரள மீன்வளம், கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும் அவரோட குழுவும் நம்பினது அந்த பக்கெட்டுக்காரங்களைத்தான். அப்படியே 47 புது இடங்கள்ல இந்த வகை மீன்கள் இருக்கிறது பதிவாச்சு. அதனாலதான் அந்தப் பேரு: லத்தீன்ல பாப்புலின்னா 'மக்களுடைய'.

1950, 2004, 2012-ல இதோட மூணு சொந்தக்காரங்களுக்குப் பேர் வெச்சாங்க. நாலையும் பக்கத்துல வெச்சா பிரிச்சுச் சொல்றது ரொம்ப கஷ்டம். ஆனா டிஎன்ஏ-வுல பெரிய இடைவெளி. எனக்கு இதுதான் பிரமிப்பு: எத்தனையோ காலமாப் பிரிஞ்சு வாழ்ந்தும் உருவம் மட்டும் மாறல.

ஒரு ஊர் கிணத்தை மூடிட்டு முழுக்க போர்வெல்லுக்கு மாறினா, இந்த ஜன்னலும் மூடிடும். ஃபில்டர் குழாய் வழியா மீன் வராது. தண்ணி மட்டும் இறங்கிட்டே இருக்கும். அதோட யாரு காணாமப் போறாங்கன்னு தெரியாது.

வில்லியனூர்ல எங்க வீட்டுக் கிணத்து மேல இப்போ சிமென்ட் பலகைதான். இந்த மீன் நம்ம பக்கம் கிடையாது, தெரியும். இருந்தாலும் ஆயாகிட்ட கேட்டேன், "வாளியில ஏதாவது வருமா ஆயா?"

"தவளை வரும். மீனு நாங்கதாண்டா புடிச்சு வுடுவோம், கொசுப்புழு தின்னட்டும்னு."

"பலகை போடும்போது அந்த மீனையெல்லாம் எடுத்தீங்களா?"

ஆயா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "யாரு பார்த்தா?"