பல்லுக்குக் கம்பி கட்டியவர் கவனத்திற்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டிக்கொள்வது பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று எங்கள் ஓரிக்கையில் ஒரு காலத்தில் எண்ணினார்கள். இன்று நம் வகுப்பிலேயே மூவர் கம்பியோடு சிரிக்கிறோம். காஞ்சிபுரத்தில் ரயிலேறி, செங்கற்பட்டு வழியாகச் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்மைப் போன்றோருக்கும் இந்தச் சிகிச்சை எட்டியதற்கு இத்தகைய நிலையங்களே காரணம். ஆனால் கம்பி கட்டுவது மருத்துவர் வேலை; கட்டிய பல்லைக் காப்பது நம் வேலை. இதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் மருத்துவர் என் மேல்வரிசைக் கோரைப்பல்லைக் காற்றடித்து உலர்த்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையே, சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாற்போல் ஒரு வெண்புள்ளி. அழுக்கென்று எண்ணி விரலால் தேய்த்தேன், போகவில்லை. "இது கறையல்ல தம்பி, பல் கரைந்த இடம்" என்றார்.

வேதியியல் படிக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பல்லின் மேலுறையாகிய எனாமல், எடையில் 95 விழுக்காட்டிற்கு மேல் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்பது அதன் பெயர். பல்மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடும். பி.எச். ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் கனிமம் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த கனிமத்தை மெல்லத் திருப்பிப் படியவைக்கும். கம்பியில்லாத பல்லை நாக்கும் உதடும் ஓரளவு துடைத்துவிடுகின்றன. பிராக்கெட்டின் ஓரத்திற்கு அவை எட்டா. முடிச்சு விழுந்த இழையில் தூசு தங்குவதைத் தறியில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே படலத்தை நான்கு வாரம் அப்படியே விட்டாலே வெண்புள்ளி தோன்றக்கூடும்.

(வேடிக்கை என்னவென்றால், பிராக்கெட் ஒட்டுவதற்கும் அமிலம்தான் வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றும் என்று 1955-இல் அமெரிக்கரான புவோனோகோர் காட்டினார். அது அரை நிமிட வேலை. நாம் அமிலத்தில் ஊறவைப்பதோ நாள்முழுதும்!)

மிகைப்படுத்தவில்லை. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். விடுமுறையில் அப்பாவுக்கு எதிரே உட்காரும் இரண்டாவது ஆள் நான். கை ஓயாத வேலை ஆதலால் தேநீர் பக்கத்திலேயே இருக்கும். நாடா நிற்கும்போதெல்லாம் ஒரு வாய். ஒரு குவளை முடிய அரைமணி ஆகும். ஒரு நாளைக்கு நான்கு குவளை. இனிப்பு பட்ட சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். சரிவதையும், அது மீள அரைமணிக்கு மேல் ஆவதையும் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் 1940-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு வாய்த் தேநீரும் அந்தக் கடிகாரத்தை மறுபடி தொடக்கத்திற்குத் திருப்புகிறது. என் பல்லுக்கு மீள நேரமே இருந்ததில்லை. இப்போது ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீரால் வாய் கொப்பளிக்கிறேன். சர்க்கரையின் அளவைவிட எத்தனை முறை என்பதே முக்கியம்.

துலக்கும்போது பிரஷைச் சாய்த்து, முதலில் கம்பிக்கு மேலும் பிறகு கீழும் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குச்சிபோன்ற சிறு பிரஷும் கடையில் கிடைக்கிறது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நான் குறை சொல்லவில்லை. அவை கம்பிக்கடியில் நுழையா. செங்கற்பொடி, கரித்தூள் இரண்டும் எனாமலைத் தேய்ப்பதோடு இடுக்கிலும் தங்கிவிடும். ஃபுளூரைடு உள்ள பற்பசையே நல்லது. ஃபுளூரைடு சேர்ந்த கனிமம் பி.எச். 4.5 வரை தாக்குப்பிடிக்கும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் மருந்தும் போய்விடும். தருமபுரிப் பக்கம் ஃபுளூரைடால்தானே பல் கறுத்தது என்று நண்பனொருவன் கேட்டான். அது, பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் நிலத்தடி நீரின் மிகுதியான ஃபுளூரைடு உடலுக்குள் சென்றதால் வந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. துப்பிவிடும் பற்பசையின் கதை வேறு.

இனி கறை. சாம்பாரின் மஞ்சளால் ரப்பர் வளையம் மஞ்சளானால் கலங்க வேண்டா. கம்பியைச் சரிசெய்யும்போது வளையத்தையும் மாற்றிவிடுவார்கள். தேநீர், காப்பியின் டானின் பல்லிலேயே படியும். ஆயினும் மேற்பரப்போடு நிற்பதால் மருத்துவர் சுத்தம் செய்தால் போகும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் அதுவே பழுப்பாக்கும். வெண்மையாக்கும் மருந்துகளைக் கம்பி இருக்கும்போது தொடவே கூடாது. பிராக்கெட் மூடிய இடம் மட்டும் தனி நிறமாக நிற்கும். முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நான் முறுக்கால் ஒன்றை இழந்தவன்.

கம்பியை எடுக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வெண்புள்ளி வளரவில்லை என்று சென்ற மாதம் மருத்துவர் சொன்னார். மறைந்துவிடுமா என்று கேட்டேன். கொஞ்சம் மங்கலாம், முழுவதும் போகுமென்று உறுதி சொல்ல முடியாது என்றார்.