உண்ட சோறு வலிமையாவது எப்படி?

“வயிறு நிறையச் சாப்பிட்டேன், ஆனாலும் உடலில் தெம்பில்லை” என்று பலர் கூறக் கேட்கிறோம். விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்வோரும், செம்பனைக் குலைகளை அறுத்து ஏற்றுவோரும், தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்போரும் இவ்வாறு கூறுவதுண்டு. உணவு குறைந்தால் தளர்ச்சி உண்டாகும் என்பதை யாவரும் அறிவர். ஆனால், வயிறார உண்டபின்னும் தளர்ச்சி ஏற்படுவதேன்? இக்கேள்விக்குரிய விடையில் முக்கியமான ஒரு பகுதி, நூறாண்டுகளுக்கு முன்னர் நமது மலாயா மண்ணிலேயே கண்டறியப்பட்டதாகும். அவ்விடையில் தோட்டத் தமிழர்களின் சோற்றுப் பானைக்கும் பங்குண்டு.

உயிரணுவுக்குள் ஓர் அடுப்பு

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களுக்குள் இழைமணிகள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இவற்றை விஞ்ஞானிகள் மைட்டோகாண்டிரியா என்று அழைக்கின்றனர். 1898ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா என்பவர் சூட்டிய பெயர் இது. கிரேக்க மொழியில் இழை, மணி என்னும் பொருள்தரும் இரு சொற்கள் இணைந்து இப்பெயர் அமைந்தது. இவற்றின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே. ஈரலின் உயிரணு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைமணிகள் இருக்கும். ஓய்வின்றித் துடிக்கும் இதயத்தின் தசை உயிரணுவிலோ, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தை இவையே நிரப்பியிருக்கின்றன. உழைப்பு மிகுந்த உறுப்பில் இழைமணிகளும் மிகுதி என்பது இதனால் விளங்கும்.

நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாகி, இரத்தத்தின் வழியே உயிரணுக்களைச் சென்றடைகிறது. அங்கே முதலில் பாதியளவே உடைகிறது. இந்த முதற்கட்டத்தில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சிறிது. பாதி உடைந்த அப்பொருள் இழைமணிக்குள் புகுந்து, நாம் மூச்சின்வழி உட்கொள்ளும் உயிர்வளியுடன் சேர்ந்து முழுமையாக எரியும்போதுதான் பெருமளவு ஆற்றல் வெளிப்படுகிறது. அவ்வாற்றல் ஏ.டி.பி. எனப்படும் ஒரு பொருளாக உருப்பெறுகிறது. சர்க்கரையின் ஒரு மூலக்கூறு முதற்கட்டத்தில் 2 ஏ.டி.பி. மட்டுமே தரும். இழைமணிக்குள் முழுமையாக எரிந்தால், மொத்தம் ஏறத்தாழ 30 கிடைக்கும்.

கையை உயர்த்துவதற்கும், இதயம் துடிப்பதற்கும், நரம்பு செய்தி அனுப்புவதற்கும் செலவாவது இந்த ஏ.டி.பி.தான். இதனை உடல் பெருமளவில் சேமித்து வைக்க இயலாது. செலவாகச் செலவாக, நொடிதோறும் ஆக்கிக்கொண்டேயிருக்க வேண்டும்.

வீட்டில் விறகு மலைபோல் குவிந்திருந்தாலும், அடுப்பின் வாய் அடைபட்டிருந்தால் உலை கொதிக்காது. உடலின் நிலையும் அவ்வாறே. சோறு விறகு போன்றது. இழைமணி அடுப்பு போன்றது. அடுப்பின் வாய் அடைபட்டால் என்ன நேரும் என்பதை, நம் நாட்டு மக்கள் பெருந்துன்பத்தின் வாயிலாகவே அறிந்துகொண்டனர்.

மூவகை மக்கள், மூவகை அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் கனத்து மரத்துப்போகும், உடல் வீங்கும், மூச்சு வாங்கும், முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். இந்நோய்க்கு ஆயிரக்கணக்கானோர் பலியாயினர். அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நாள்தோறும் சோறு உண்டவர்களே.

நெகிரி செம்பிலானில் மருத்துவராகப் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசியை உண்டனர். மலாய்க் கிராமத்தார் தாமே விளைவித்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி உண்டனர். தமிழர்களோ தாயகத்தில் பழகிய புழுங்கலரிசியை உண்டனர். பின்னிரு சாராரிடையே பெரிபெரி அரிதாகவே காணப்பட்டது. தமிழர்கள் நலமாக வாழ்ந்தனர் என்று இதற்குப் பொருளன்று. மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் தோட்டங்களில் எண்ணற்ற உயிர்களைக் குடித்தன. ஆயினும் பெரிபெரி மட்டும் அவர்களைப் பெரும்பாலும் அணுகவில்லை. பிராடன் தமது கருத்துகளை 1907ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அரிசியில் ஏதோ நஞ்சு கலந்திருப்பதாக அவர் கருதியது தவறாயினும், அரிசியே காரணம் என அவர் கண்டது சரியாயிற்று.

இதற்கிடையில், 1905ஆம் ஆண்டில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையிலிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. மறுத்துக் கூற வழியற்ற நோயாளிகள்மீது நடத்தப்பட்ட இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. பெயர் தெரியாத அம்மனிதர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே கேள்வியை ஆராய்ந்தனர். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றி வழங்கியபோது நோயும் இடம் மாறியது. அரிசியில் நஞ்சு ஏதுமில்லை, தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே உயிர்காக்கும் பொருள் அடங்கியுள்ளது என்பதை இவர்களது ஆராய்ச்சி தெளிவாக்கியது. 1926ஆம் ஆண்டில் ஜாவாவில் யான்சன், டோனாத் என்னும் டச்சு விஞ்ஞானிகள் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் இன்று அழைக்கப்படுவது.

தயமின் செய்யும் வேலை என்ன? பாதி உடைந்த சர்க்கரை இழைமணிக்குள் எரிவதற்கு ஒரு நொதி தேவைப்படுகிறது. தயமின் இல்லையேல் அந்நொதி இயங்காது. அடுப்பின் வாய் அடைபட்டுவிடும். ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் இதயமும் நரம்புகளுமே முதலில் தளர்கின்றன. வயிறு நிறைந்திருந்தும் மக்கள் மாண்ட காரணம் இதுவே.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பின்னர்க் குத்துவது புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. நம் முன்னோர் இவ்விளக்கத்தை அறிந்திலர். வழக்கத்தை மட்டும் விடாது காத்தனர்.

இன்றைய நிலை

பெரிபெரி இன்று நம் நாட்டில் அரிதாகிவிட்டது. ஆயினும் இழைமணிகளின் தேவை மாறவில்லை. நம் வாழ்க்கை முறைதான் மாறியுள்ளது. தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நடந்து சென்ற இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். அன்று மைல் கணக்கில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர்.

இதன் விளைவு யாது? 1967ஆம் ஆண்டில் ஜான் ஹாலோசி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, எலிகளைப் பல வாரங்கள் ஓடப் பழக்கி ஆராய்ந்தார். அவற்றின் தசைகளில் இழைமணிகளின் எரிக்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியிருந்தது. மனிதரிடமும் உடலுழைப்பு இழைமணிகளைப் பெருக்குகிறது. உழையாத தசையில் அவை குறைகின்றன. உண்ட சர்க்கரையைப் பெருமளவில் ஏற்று எரிப்பது தசையேயாகும். தசை உழைக்காதபோது சர்க்கரை இரத்தத்தில் தேங்குவதற்கு வழி ஏற்படுகிறது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியர்களிடையே இவ்விகிதம் மேலும் அதிகம். அரிசியின் வகையை மட்டும் கவனித்தால் போதாது, அதன் அளவையும் நமது உழைப்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

நாம் செய்யத்தக்கவை

1. இயன்றவரை புழுங்கலரிசியையோ தீட்டாத அரிசியையோ பயன்படுத்துங்கள். விலை கூடுதலாக இருப்பின், ஒரு வேளைக்கேனும் பயன்படுத்தலாம். தயமின் நீரில் கரையும் தன்மையது. ஆகவே, அரிசியைப் பலமுறை அலசாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குழம்பிலோ இரசத்திலோ சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் எவ்வகை அரிசியானாலும் அளவோடு உண்ண வேண்டும்.

2. பாசிப்பயறு, பருப்பு, கச்சான், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றேனும் நாள்தோறும் உணவில் இடம்பெறட்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட தயமின் போதும். ஆனால், உடலில் உள்ள இருப்புச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பருப்பு விரைவில் வேகவேண்டும் என்று சோடா உப்பைச் சேர்ப்பது தயமினை அழித்துவிடும். அதனைத் தவிர்ப்பது நல்லது.

3. காலையில் டின்பால் கலந்த இனிப்புத் தேநீரோடு மட்டும் வேலைக்குச் செல்லாதீர்கள். அது விறகைச் சேர்க்குமேயன்றி அடுப்பின் வாயைத் திறவாது.

4. சம்சு முதலிய மதுவகைகள் குடலில் தயமின் ஏறுவதைத் தடுக்கின்றன. நெடுநாள் குடிப்பவர்களுக்கு இன்றும் கால் மரத்துப்போதலும் நினைவு தடுமாறுதலும் ஏற்படுவதற்கு இது ஒரு காரணமாகும். குடும்பத் தலைவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

5. அமர்ந்து வேலை செய்வோர் நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாளேனும் விரைந்து நடக்க வேண்டும். வெளிக்காட்டில் உழைப்போருக்கு உழைப்பே பயிற்சி. அவர்களுக்கு வேண்டியவை நல்லுணவும், போதிய நீரும், ஓய்வும் ஆகும்.

6. நாள்தோறும் ஏழு மணி நேரமேனும் உறங்குங்கள். உறக்கம் குறைந்தால், தசைகள் சர்க்கரையை ஏற்கும் திறனும் குறைகிறது. இரவு வேலை பார்ப்போர் பகலில் உறங்குவதற்கு வீட்டார் அமைதியான சூழ்நிலையை அமைத்துத் தருதல் வேண்டும்.

இவற்றைக் கடைப்பிடித்தும் சோர்வு நீடித்தால், கால் மரத்தாலோ வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகளை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். இரத்தசோகை, நீரிழிவு, இதயநோய் ஆகியவையும் இவ்வாறே தொடங்கலாம். அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்துக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

சோற்றைத் தருவது கையின் உழைப்பு. அதனை வலிமையாக்குவது கண்ணுக்குப் புலப்படாத இழைமணிகளின் உழைப்பு. அவை தடையின்றி இயங்குவதற்கு வேண்டியவை விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. நம் வீட்டுச் சமையற்கட்டிலும், நாம் நடக்கும் பாதையிலும், உறங்கும் பாயிலும் அவை கிடைக்கின்றன. இதனைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் முதியோருக்கும் எடுத்துரைப்பார்களாக.