திருவல்லிக்கேணிக் கிழவரும் நகை என்னும் மெய்ப்பாடும்

நகைச்சுவைப் புதினங்களை ஆய்வுக்குரியனவாகக் கொள்ள நம் தமிழ்த்துறைகள் இன்றும் தயங்குகின்றன. வார இதழில் வந்தவை, பொழுதுபோக்குக்கு எழுதப்பட்டவை என்று கூறி அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் விருதுநகரில் நாம் பாடம் சொல்லும் வகுப்பில், சென்னையைக் கண்டிராத மாணவரும் திருவல்லிக்கேணிக் கிழவர் ஒருவரைத் தம் தெருக்காரராகவே எண்ணிச் சிரிக்கின்றனர். அச் சிரிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அக் கிழவர் அப்புசாமி. ஜ. ரா. சுந்தரேசன் (1932–2017), தாய் தந்தையர் பெயர்களை இணைத்துப் பாக்கியம் ராமசாமி எனப் புனைபெயர் பூண்டு, 1963-இல் குமுதம் இதழில் அவரை அறிமுகப்படுத்தினார். அப்புசாமி செலவுக்கு மனைவியின் கையை எதிர்பார்ப்பவர். மனைவி சீதாப்பாட்டியோ ஆங்கிலம் பொழிபவர். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி. (கழகங்கள் மலிந்த அந் நாளில் ‘பா. மு. க.’ என்ற எழுத்துகளே வாசகரைச் சிரிக்க வைத்திருக்கும்.) ரசகுண்டு என்னும் இளைஞனும், கன்னடம் கலந்த தமிழ் பேசும் பீமாராவும் கிழவருக்குத் துணைவர்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். இக் கதைகள் எள்ளலைப் பெரிதும் விடுத்து ஏனைய மூன்றையும் பற்றி நிற்கின்றன என்பது நம் கருத்து. முதியவரிடத்தே சிறுவனின் ஆசைகள் இருத்தல் இளமை. கேட்டதை மெய்யெனக் கொள்ளுதல் பேதைமை. எல்லாவற்றினும் சிறந்து நிற்பது மடன். கொளுத்தக் கொண்டதைப் பின் விடாதிருத்தல் என உரைகாரர் அதனை விளக்குவர். பாட்டியை வென்றுவிடலாம் என்று ஒரு சூழ்ச்சியைப் பற்றிக்கொண்ட அப்புசாமி அதனை எளிதில் விடார், தோற்பார், அடுத்த கதையில் அதே வீட்டில் அதே பாட்டியுடன் மீண்டும் தொடங்குவார்.

அண்டை வீட்டாரைப் பற்றிய சிரிப்புக்கு இதுவே இயல்பு. முன்பின் அறியாதவரை எள்ளுதல் எளிது. நாளை உறைமோருக்கு அவர் கதவைத் தட்ட வேண்டியவர்க்கு அஃது இயலாது. பீமாராவின் பேச்சில் மட்டும் பிறமொழியாளரை எள்ளும் சாயல் சிறிது ஒட்டியிருக்கிறது, அதனை மறைப்பதற்கில்லை.

சிவகாசிப் பக்கத்து மாணவி ஒருத்தி, இக் கதைகளில் எவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லையே என்று ஒருநாள் வினவினாள். அவள் பெற்றோர் பட்டாசுத் தொழிலாளர். கூலியும் களைப்பும் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன என்பது உண்மையே. அதனை ஒரு குறையாகவே முதலில் நாமும் கொண்டோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் வேறொன்று புலனாயிற்று. மருந்துக் கலவையில் ஓர் உராய்வு உயிரையே கொண்டுபோகும் தொழிலை அறிந்த வீடுகளில் இக் கதைகள் விரும்பிப் படிக்கப்படுகின்றன. கிழவர் எத்துணைத் தவறு செய்தாலும் எவருக்கும் ஊறு நேர்வதில்லை. அத்தகைய உலகம் அவ் வீட்டாருக்கு அரிது, ஆகவே இனிது.

இவ் விளக்கத்தை மாணவி முழுதும் ஏற்றாளில்லை. குடிநீர்ப் பஞ்சத்தினூடே சென்னைத் தெரு ஒன்றின் அண்டை வீட்டாரைக் காட்டும் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ புதினத்தை அப்புசாமி கதைகளோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுத இசைவு கேட்டாள். இசைந்தோம்.