கடலில் நிற்கும் கப்பலை மொபைலில் தேடினால்... என்ன தெரியும், என்ன தெரியாது?

பேசின் பிரிட்ஜைத் தாண்டி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு கடலோரமாகப் போனால், தூரத்தில் சில கப்பல்கள் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ இடம் கிடைக்கக் காத்திருப்பவை. மொபைலில் மரைன் டிராஃபிக் மாதிரி ஒரு ஆப்பைத் திறந்தால் பெயர், கொடி, வேகம் எல்லாம் வந்துவிடும். எப்படி?

கப்பலில் உள்ள ஏஐஎஸ் கருவிதான் காரணம். ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை, நங்கூரம் போட்டால் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை, தான் இருக்கும் இடத்தை அது ரேடியோ அலையில் அறிவிக்கும். கரையில் உள்ள ஆன்டெனாவும் செயற்கைக்கோளும் அதைப் பிடித்துக்கொள்ளும். இடமும் வேகமும் தானாகவே பதிவாகும். ஆனால், போகிற ஊரை மாலுமி கையால் டைப் செய்ய வேண்டும். மறந்தால் பழைய ஊரே நிற்கும்!

கப்பலின் பெயரை மட்டும் நம்பித் தேடாதீங்க. ஓனர் மாறினால் பெயரும் மாறும். 7 இலக்க ஐஎம்ஓ எண் மட்டும் கப்பல் உடைக்கப்படும் வரை மாறாது.

எண்ணெய்க் கிணறு மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சப்ளை கப்பலை அடையாளம் காண்பது சுலபம். முன்னால் உயரமான கேபின், பின்னால் மொட்டையான திறந்த தளம். பைப், டீசல், குடிநீர், சிமென்ட் எல்லாம் இதில்தான் போகும். விவரக்குறிப்பில் 'டிபி2' என்று இருந்தால், ஒரு கருவி பழுதானாலும் மேடை பக்கத்தில் இடம் நகராமல் நிற்கும் என்று அர்த்தம். 'போலார்டு புல்' என்பது இழுவைத் திறன்.

இவ்வளவு சொல்லும் ஆப் சொல்லாத ஒன்று இருக்கிறது. மும்பையின் ஜிஓஎல் ஆஃப்ஷோர் நிறுவனத்துக்குச் சொந்தமான 'மாளவியா செவன்' என்ற சப்ளை கப்பல், சம்பளப் பாக்கிக்காக 2016 ஜூனில் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது. இறங்கிப் போனால் பாக்கி கைக்கு வராதோ என்ற பயத்தில் இந்திய மாலுமிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். அதை விற்றுச் சம்பளம் தரலாம் என்று கோர்ட் சொன்னது 2017 செப்டம்பரில்தான். அதே நிறுவனத்தின் 'மாளவியா ட்வென்டி' இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத்தில் 2018 வரை மாட்டிக்கொண்டது. கரையில் கட்டிய இப்படிப்பட்ட கப்பலுக்கு ஆப் காட்டுவது இவ்வளவுதான்: வேகம் 0.

கப்பல் வேலைக்குக் கிளம்பும் தம்பிகள் கையெழுத்துப் போடும் முன்பே ஐஎம்ஓ எண்ணைக் கேட்டு வாங்குங்க. கைவிடப்பட்ட கப்பல்களின் பட்டியலை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ஏஜென்ட்டிடம் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்பதை டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தர அவர் உங்களிடம் பணம் கேட்டால், அதுவே விதிமீறல்.